ஜெமினி பாலத்தருகே அமெரிக்க மண் இல்லை

அண்ணா சாலையும் கதீட்ரல் சாலையும் சந்திக்கும் முனையில், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியிருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வெளியே காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். போனை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கூட வந்த அப்பாவிடமோ கார் டிரைவரிடமோ கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் ஃபைலை மட்டும் நெஞ்சோடு அணைத்தபடி விசாவுக்கு நிற்பார்கள். அந்த வரிசையில் கொஞ்ச நேரம் காது கொடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லக் கேட்கலாம்: "கேட்டைத் தாண்டிட்டா அது அமெரிக்கா மண்ணு சார். நம்ம சட்டம் எதுவும் அங்க செல்லாது."

செல்லும். கேட்டுக்கு உள்ளேயும் அது சென்னைதான், இந்தியாதான். அங்கே ஒருவர் இன்னொருவரின் பர்ஸை அடித்தால் அது நம் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி இங்கே செய்யப்பட்ட திருட்டு. அங்கே ஒரு குழந்தை பிறந்தால், பிறந்த இடத்தை வைத்து அதற்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைக்காது. அமெரிக்க அரசே தன் தூதரகங்களைத் தன் மண்ணாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே ஒரு வித்தியாசம், அவர்கள் அனுமதி இல்லாமல் அந்த அலுவலகத்துக்குள் நம் போலீஸ் கால் வைக்க முடியாது. சட்டம் உள்ளே போகும், சட்டத்தை அமல்படுத்துகிறவர்தான் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். தூதரகச் சட்டத்தில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கொள்வதால் வருவது.

மீதிக் குழப்பம், வெளிநாட்டு அதிகாரி என்றாலே எல்லாரும் ஒரே ரகம் என்று நினைப்பதால் வருகிறது. தூதர்களுக்கான விதிகள் 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தில் இருக்கின்றன. 1963இல் அதே வியன்னாவில் இன்னொரு ஒப்பந்தம் எழுதப்பட்டது. அது துணைத் தூதரகங்களுக்கானது. இந்தியா முதல் ஒப்பந்தத்தில் 1965இலும் இரண்டாவதில் 1977இலும் சேர்ந்தது. நாட்டின் தலைநகரில் உட்கார்ந்து அரசோடு அரசியல் பேசுகிறவர்களுக்கு 1961. துறைமுகம், வணிகம், விசா, பாஸ்போர்ட், மாட்டிக்கொண்ட சொந்த நாட்டுக்காரர் என்று ஊர் ஊராக வேலை பார்க்கிறவர்களுக்கு 1963. சென்னைக்குப் பொருந்துவது பெரும்பாலும் இரண்டாவதுதான். இந்த ஊருக்கு அந்த மரபு பழையது. 1794லேயே வில்லியம் ஆபட் என்ற வியாபாரி மதராஸில் அமெரிக்காவின் கான்சுலர் ஏஜெண்டாக நியமிக்கப்பட்டார். கப்பலும் சரக்கும் வந்த இடத்தில் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அவ்வளவுதான் தொடக்கம்.

சாலையில் போகும் நீல நிற நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே ஆள் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். டெல்லியில் அதிகம் தென்படுவது 'சிடி', அதாவது முழுத் தூதர் வர்க்கம். நம் ஊரில் நுங்கம்பாக்கம் பக்கமும் போட் கிளப் பக்கமும் ஓடுவது 'சிசி', அதாவது துணைத் தூதரக வர்க்கம். எழுத்து ஒன்றுதான் மாறுகிறது. ஆனால் பாதுகாப்பில் பெரிய வித்தியாசம்.

எவ்வளவு பெரியது? கதீட்ரல் சாலையில் ஒரு நாட்டின் துணைத் தூதர், இரவு விருந்து முடிந்து தன் காரைத் தானே ஓட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டரில் போன ஒருவர் மீது மோதுகிறார். கால் முறிந்துவிட்டது. அடிபட்டவர் நஷ்ட ஈடு கேட்க முடியுமா? தாராளமாக. 1963 ஒப்பந்தத்தின் 43ஆம் பிரிவு, துணைத் தூதரக அதிகாரிக்கு அலுவலகப் பணியில் செய்த காரியங்களுக்கு மட்டும்தான் வழக்கிலிருந்து விலக்கு என்கிறது. அதிலும் வாகன விபத்தில் பாதிக்கப்பட்டவர் போடும் சிவில் வழக்கு தனியாக விதிவிலக்கு. அதாவது அலுவலக வேலையாகவே ஓட்டியிருந்தாலும் நஷ்ட ஈட்டு வழக்கைத் தடுக்க முடியாது. வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று 56ஆம் பிரிவு வேறு சொல்கிறது. அடிபட்டவர் எல்லாரையும் போல உயர் நீதிமன்ற வளாகத்தில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம்.

குற்ற வழக்கு? விருந்து முடிந்து வீட்டுக்கு ஓட்டிப் போவது அலுவல் இல்லை, அதனால் வழக்குப் பதிய வழி உண்டு. கைது மட்டும் எளிதல்ல. 41ஆம் பிரிவின்படி கடுமையான குற்றமாக இருக்க வேண்டும், நீதிமன்ற உத்தரவும் வேண்டும். நடைமுறையில் இன்ஸ்பெக்டர் மேலிடத்தைக் கேட்காமல், மேலிடம் டெல்லியைக் கேட்காமல் ஒரு காகிதமும் நகராது என்பது வேறு விஷயம். ஆனால் சட்டம் கையைக் கட்டிப் போடவில்லை.

அதே விபத்து டெல்லியில், ஒரு முழுத் தூதரக அதிகாரியால் நடந்திருந்தால் கதை வேறு. 1961 ஒப்பந்தத்தின் 29ஆம் பிரிவின்படி அவரை எந்த வகையிலும் கைது செய்யவோ தடுத்து வைக்கவோ முடியாது. அது கொலையாக இருந்தாலும் சரி. 31ஆம் பிரிவின்படி குற்ற வழக்கிலிருந்து முழு விலக்கு. சிவில் வழக்கில் சொந்த அசையாச் சொத்து, வாரிசுரிமை, சொந்த வியாபாரம் என்று சில விதிவிலக்குகள் மட்டும். அவர் குடியிருக்கும் வீட்டுக்கும் தூதரகத்துக்கு உள்ள அதே பாதுகாப்பு உண்டு. சென்னையில் ஒரு துணைத் தூதரின் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அலுவலகத்தில்கூட வேலைக்கென்றே பயன்படும் பகுதிக்குத்தான் உண்டு. தீப்பிடித்தால் அனுமதி தந்ததாகவே வைத்துக்கொண்டு தீயணைப்பு வண்டி உள்ளே போகலாம். வீட்டு வாடகை பாக்கி என்றாலும், அவர் தன் பேரில் போட்ட ஒப்பந்தமாக இருந்தால், வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போகலாம்.

இந்த வித்தியாசம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதை இந்தியா தன் தோளில் பட்டுத்தான் உணர்ந்தது. 2013 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கில் இந்தியத் துணை கான்சல் ஜெனரலாக இருந்த தேவயானி கோப்ரகடே கைதானார். வீட்டு வேலைக்குக் கூட்டிப்போன பெண்ணின் விசா விண்ணப்பத்தில் சம்பளத்தைப் பொய்யாகக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. உடையைக் களைந்து சோதனை போட்டார்கள் என்று செய்தி வந்ததும் நாடே கொதித்தது. டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் முன்னால் இருந்த தடுப்புகளை புல்டோசர் வைத்து அகற்றினார்கள். நாடு முழுக்க அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரிகளுக்குத் தந்திருந்த அடையாள அட்டைகளை அரசு திருப்பிக் கேட்டது. ஜெமினி பக்கம் வேலை பார்த்தவர்களும் அதில் அடக்கம்.

அந்தக் கோபம் நியாயமானது. ஒரு விசா வழக்குக்கு அந்தச் சோதனை தேவையே இல்லை. ஆனால் தொலைக்காட்சி விவாதங்களில் எல்லாரும் '29ஆம் பிரிவு மீறப்பட்டது' என்று கத்தியது சரியில்லை. அவர் அப்போது துணைத் தூதரக அதிகாரி. அவருக்குப் பொருந்தியது 1963. வீட்டு வேலைக்காரருக்குக் கொடுக்கும் சம்பளம் அலுவல் சார்ந்ததா, விசா மோசடி கடுமையான குற்றமா என்பதுதான் உண்மையான கேள்வி. எது கடுமையான குற்றம் என்று ஒப்பந்தம் வரையறுக்கவே இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் அமெரிக்கா நுழைந்தது. இந்தியாவும் அதைப் புரிந்துகொண்டுதான் அடுத்த காயை நகர்த்தியது: அவரை ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவுக்கு மாற்றியது. 2014 ஜனவரி 8 அன்று அவருக்கு முழுத் தூதர் தகுதி கிடைத்தது. மறுநாள் குற்றப்பத்திரிகை வந்தது. அதே ராத்திரி அவர் விமானம் ஏறினார். மார்ச் மாதம் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார், காரணம் அந்த ஒரு நாள்: குற்றம் சாட்டப்பட்ட தேதியில் அவருக்கு முழு விலக்கு இருந்தது. இரண்டே நாளில் புதிதாக இன்னொரு குற்றப்பத்திரிகை போட்டார்கள் என்பது பின்கதை. ஆள் அதே ஆள், புகார் அதே புகார். பதவி மாறியது, சட்டம் மாறிவிட்டது.

சரி, இவ்வளவு பெரிய விலக்கு எதற்கு? தப்பு செய்கிறவன் தப்பித்துப் போகத்தானா? தப்பித்துப் போனவர்கள் இருக்கிறார்கள். 2015இல் டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் ஒரு சவூதி தூதரக அதிகாரியின் வீட்டிலிருந்து இரண்டு நேபாளப் பெண்களைப் போலீஸ் மீட்டது. பாலியல் வன்கொடுமைப் புகார். தூதரகம் மறுத்தது. அடுத்த வாரமே அவர் நாட்டை விட்டுப் போய்விட்டார். சட்டப்படி யாரும் அவரை நிறுத்தியிருக்க முடியாது. இதைவிடக் கொடுமையானது 1984 ஏப்ரலில் லண்டனில் நடந்தது. லிபியத் தூதரக ஜன்னலிலிருந்து சுட்டதில் வெளியே காவலுக்கு நின்ற பெண் போலீஸ் இவோன் ஃபிளெட்சர் செத்துப்போனார். பிரிட்டிஷ் போலீஸ் பதினோரு நாள் கட்டடத்தைச் சுற்றி நின்றது, உள்ளே நுழையவில்லை. கடைசியில் உள்ளே இருந்தவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பிவைத்தது. கோழைத்தனம் என்று அப்போது ஏசியவர்கள் உண்டு. ஆனால் திரிபோலியிலும் பிரிட்டிஷ் தூதரகம் ஒன்று இருந்தது, அதற்குள்ளும் ஆட்கள் இருந்தார்கள். இந்தச் சட்டத்துக்கு போலீஸும் கிடையாது, ஜெயிலும் கிடையாது. உன் ஆள் என் ஊரில், என் ஆள் உன் ஊரில். அந்த ஒன்றுதான் காவல்.

இன்னொன்றும் இருக்கிறது. விலக்கு அந்த அதிகாரியின் சொத்து அல்ல, அவரை அனுப்பிய நாட்டின் சொத்து. அவரே 'நான் விசாரணைக்குத் தயார்' என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அவருடைய அரசு விட்டுக்கொடுக்க வேண்டும். 1997இல் வாஷிங்டனில் குடித்துவிட்டுக் காரோட்டி ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் சாவுக்குக் காரணமான ஜார்ஜியா நாட்டு அதிகாரிக்கு அதுதான் நடந்தது. ஜார்ஜியா விலக்கை விட்டுக்கொடுத்தது, அவர் அமெரிக்கச் சிறைக்குப் போனார். 2024 அக்டோபரில் கனடா, இந்தியத் தூதர் உட்பட சிலரை விசாரிக்க விலக்கை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டபோது இந்தியா மறுத்தது. இரு பக்கமும் ஆறு ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். வரவேற்கும் நாட்டின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அந்த வெளியேற்றம்தான். 'இவரை நாங்கள் விரும்பவில்லை' என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தூதரையே நாட்டை விட்டுப் போகவிடாமல் நிறுத்திய நீதிமன்றமும் உண்டு, அது நம் உச்ச நீதிமன்றம். 2012 பிப்ரவரியில் கேரளக் கடற்பகுதிக்கு அப்பால் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கைதான இரு இத்தாலியக் கடற்படை வீரர்களை அடுத்த ஆண்டு தேர்தலில் ஓட்டுப் போட நான்கு வாரம் ஊருக்கு அனுப்பினார்கள். திருப்பிக் கொண்டுவருவேன் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தவர் இத்தாலியத் தூதர் தானியேலே மான்சினி. மார்ச்சில் இத்தாலி 'அனுப்ப மாட்டோம்' என்றது. உச்ச நீதிமன்றம் தூதர் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று உத்தரவிட்டது. தாமாக வந்து நீதிமன்றத்தில் உறுதி கொடுத்தவருக்கு என்ன விலக்கு என்பது நீதிபதிகளின் கேள்வி. ஐரோப்பா முழுக்க எதிர்ப்பு. 29ஆம் பிரிவை நேராகப் படித்தால் இத்தாலியின் பக்கம்தான் சட்டம் பலமாக இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உத்தரவு வேலை செய்தது. சில நாளில் வீரர்கள் திரும்பி வந்தார்கள். கடைசியில் 2020இல் சர்வதேசத் தீர்ப்பாயம், அரசுப் பணியில் இருந்த வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது, இத்தாலி இழப்பீடு தரட்டும் என்றது. பத்துக் கோடி ரூபாய் வந்த பிறகு 2021இல் வழக்கு மூடப்பட்டது.

தூதரகப் பை பற்றிச் சினிமாவில் வரும் அளவுக்கு மர்மம் எதுவும் சட்டத்தில் இல்லை. கடிதங்களும் அலுவலகப் பொருட்களும் போகும் சரக்கு, வெளியே அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது. துணைத் தூதரகத்தின் பை என்றால் அங்கும் ஒரு படி குறைவு: பலத்த சந்தேகம் இருந்தால் 'எங்கள் எதிரில் பிரியுங்கள்' என்று கேட்கலாம், மறுத்தால் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பலாம். 2020 ஜூலையில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஐக்கிய அரபு அமீரகத் துணைத் தூதரகத்தின் முகவரிக்கு வந்த பொதியைச் சுங்கத் துறை பிரித்தபோது 30 கிலோ தங்கம் இருந்தது. அது தூதரகப் பையா, தூதரக முகவரிக்கு வந்த வெறும் சரக்கா என்று பல நாள் அரசியல் சண்டை நடந்தது.

சென்னையில் இந்தச் சட்டம் அதிகம் தெருவுக்கு வருவது இலங்கைத் துணைத் தூதரக விஷயத்தில்தான். மீனவர் கைது, துப்பாக்கிச் சூடு, ஜெனீவா தீர்மானம் என்று எது நடந்தாலும் 'முற்றுகைப் போராட்டம்' அறிவிப்பார்கள். தூதரக வாசலுக்குச் சற்றுத் தள்ளியே தடுப்பு வைத்து மறித்து, வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். 'நம்ம போலீஸ் ஏன் அவனுக்குக் காவல் நிக்குது' என்ற கேள்வியை அங்கே கேட்காத ஆள் இல்லை. அது பாசம் இல்லை, கடமை. துணைத் தூதரகத்துக்குள் யாரும் நுழையாமல், சேதம் செய்யாமல், அதன் கண்ணியம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம் வரவேற்கும் நாட்டின் மீது சுமத்துகிறது. கையெழுத்துப் போட்டது டெல்லி. வெயிலில் நிற்பது தமிழ்நாடு போலீஸ். 2012 செப்டம்பரில் ஒரு படத்தை எதிர்த்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் மீது கல் விழுந்தபோதும் பதில் சொல்ல வேண்டியிருந்தது இந்திய அரசுதான். கோஷம் போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை, எவ்வளவு தூரத்தில் போடலாம் என்பதில்தான் இழுபறி.

வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கு உள்ளேயிருந்து வந்த பதில் லண்டனில் வழக்காக மாறியது. 2018 பிப்ரவரி 4, இலங்கைச் சுதந்திர தினத்தன்று, லண்டன் இலங்கைத் தூதரகத்தின் முன் தமிழர்கள் போராடினார்கள். அங்கே பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பிரிகேடியர் பிரியங்க பெர்னாண்டோ அவர்களைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார், வீடியோவில் பதிவானது. கீழ் நீதிமன்றம் 2019இல் அவரைக் குற்றவாளி என்றது, அபராதம் போட்டது. கழுத்தை அறுக்கும் சைகை எப்படி அலுவல் ஆகும் என்பது எவரும் கேட்கும் கேள்வி. 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது: போராட்டத்தைக் கண்காணிப்பது அவர் வேலை, அந்த வேலையின் நடுவே செய்தது, எனவே பதவி போன பிறகும் அந்தச் செயலுக்கு விலக்கு நீடிக்கிறது. தீர்ப்பின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 'பணியில் இருந்தபோது செய்தது' என்பதையும் 'பணியாகச் செய்தது' என்பதையும் இவ்வளவு நெருக்கி வைத்தால் இடையில் எதையும் நுழைத்துவிடலாம்.

விலக்குக்கு எல்லையும் உண்டு. 2014இல் சென்னையில் கைதான ஓர் இலங்கைக்காரர் வழக்கில், ஜெமினி அருகிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தையும் பெங்களூரு இஸ்ரேல் துணைத் தூதரகத்தையும் தாக்கச் சதி நடந்ததாகக் குற்றம் சாட்டிய தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ), கொழும்பு பாகிஸ்தான் தூதரகத்தில் விசா பிரிவில் இருந்த அதிகாரி ஒருவரைத் தேடப்படும் நபராக அறிவித்தது. அவருக்கு விலக்கு இருந்தது இலங்கையில். இந்தியா அவரை ஏற்றுக்கொண்ட நாடு இல்லை, அதனால் இங்குள்ள நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. பிடிப்பது எப்படி என்பது தனிக் கதை.

நம் ஊர்த் தொழிலதிபர்கள் பலர் சிறிய நாடுகளுக்குக் கௌரவத் துணைத் தூதர்களாக இருக்கிறார்கள். விசிட்டிங் கார்டில் அது பெரிதாகத் தெரியும். ஆனால் அவர்கள் இந்தியக் குடிமக்கள். அந்தப் பணியில் செய்ததற்கு மட்டும் பாதுகாப்பு, வீட்டுக்கோ கம்பெனிக்கோ ஒன்றும் இல்லை. வருமான வரி வழக்கம்போல் கட்ட வேண்டும்.

1963 ஒப்பந்தத்தில் தமிழர்களுக்கு மிகவும் பயன்படும் பிரிவு அதிகாரிகளைப் பற்றியதே அல்ல. 36ஆம் பிரிவு. வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், 'உன் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல உனக்கு உரிமை உண்டு' என்று தாமதமில்லாமல் அவரிடம் சொல்ல வேண்டும்; அவர் கேட்டால் தகவல் கொடுக்க வேண்டும்; தூதரக அதிகாரி சிறைக்கு வந்து பார்க்க, வக்கீல் ஏற்பாடு செய்ய அனுமதிக்க வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து போன மீனவர்கள் பிடிபட்டால் யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பது இந்த வழியில்தான். மீனம்பாக்கத்தில் பிடிபட்டுப் புழலில் அடைக்கப்படும் வெளிநாட்டவருக்கும் நம் போலீஸ் இதே உரிமையைச் சொல்லியாக வேண்டும்.

உளவாளி என்று பாகிஸ்தான் பிடித்து மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா பாகிஸ்தானை ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்ததும் இந்தப் பிரிவை வைத்துத்தான். உளவு வழக்குக்கு இது பொருந்தாது என்று பாகிஸ்தான் வாதாடியது. 2019 ஜூலை 17 அன்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிரிவில் அப்படி விலக்கு எதுவும் எழுதவில்லை என்றது. தண்டனையை மறுபரிசீலனை செய்யச் சொன்னதே தவிர, விடுதலை செய்யச் சொல்லவில்லை. அந்தப் பிரிவால் ஆகக்கூடியது அவ்வளவுதான். சிறைக் கதவைத் திறக்கவோ அபராதத்தைக் கட்டவோ தூதரகத்துக்குக் கடமை இல்லை. ஆனால் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகும் ஒருவர், மொழி தெரியாத காவல் நிலையத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் 'இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். கைதானவர் கேட்டால்தான் தகவல் போகும் என்பதே அந்தப் பிரிவின் பொது விதி.